பச்சை உடம்பும் நாற்பது நாளும்: சென்னையின் மேற்குப் புறநகரில் தாய்மார் மனநலத்தின் வரலாறு

பிள்ளை பெற்று இன்னும் தேறாத பெண்ணைப் 'பச்சை உடம்புக்காரி' என்று சொல்வது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கு. பச்சை என்பது இங்கே நிறம் அன்று; சுடாத கலத்தைப் பச்சை மண் என்பதும் ஆறாத காயத்தைப் பச்சைப் புண் என்பதும் போல, இன்னும் இறுகாத, புறத்தே உள்ள எதுவும் எளிதில் உட்புகுந்துவிடக்கூடிய நிலையை அது சுட்டுகிறது. சொல்லில் உடம்பு இருக்கிறது, மனம் இல்லை. ஆனால் அச்சொல்லைச் சுற்றி அமைந்த விலக்குகளையும் காவல்களையும் ஒருசேரப் பார்த்தால், உட்புகுந்துவிடும் என்று அஞ்சப்பட்டது குளிரும் காற்றும் மட்டும் அல்ல என்பதும், பெற்றவளின் புத்தி பேதலித்துவிடக்கூடும் என்ற அச்சமும் அதில் பாதியாவது இருந்தது என்பதும் விளங்கும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதியில் இந்த அச்சம் எவ்வாறு கையாளப்பட்டது, அதைக் கையாளும் பொறுப்பு யார் யார் கைக்கு மாறியது, மாறிய இடங்களில் எது கைநழுவிப் போயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பகுதி ஒரே சீரான வரலாறு கொண்டதன்று. பூந்தமல்லி என மக்கள் நாவில் மருவிய பூவிருந்தவல்லி, வைணவ மரபில் திருக்கச்சி நம்பிகளின் பிறப்பிடமாகப் போற்றப்படுவது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் ஐரோப்பியப் படைவீரர்கள் தங்கிச் சென்ற தளமாகவும் இருந்தது. இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை 1856-இல் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை அம்பத்தூர், ஆவடி நிலங்களின் ஊடாகவே சென்றது. இருந்தும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இவை ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த ஊர்களே. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளின் பெயர்களை அடுக்கினாலே பழைய ஊர்களின் வரைபடம் கிடைத்துவிடும். இத்தகைய ஊர்களில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் உறவுக்குள்ளோ பக்கத்து ஊர்களுக்குள்ளோ நடந்தன. தாய்வீடு என்பது கட்டை வண்டியில் போய் வரக்கூடிய தொலைவில் இருந்தது. பின்னால் வரும் மாற்றங்களை அளப்பதற்கு இந்தத் தொலைவு முதன்மையானது.

கருவுற்ற பெண்ணுக்கு ஒற்றைப்படை மாதத்தில், பெரும்பாலும் ஏழிலோ ஒன்பதிலோ, வளைகாப்பு நிகழ்த்தி, கைநிறையக் கண்ணாடி வளையல் பூட்டித் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது மரபு. வளையலோசை வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்று சொல்லப்படும் விளக்கம் அழகானது; ஆனால் சடங்கின் நடைமுறைப் பயன், புகுந்த வீட்டு வேலைச்சுமையிலிருந்து ஒரு பெண்ணை எவரும் குறை சொல்ல முடியாதபடி விடுவித்ததில்தான் இருந்தது. இதற்கு முந்தைய மாதங்களின் மனநிலைக்கு மரபு வைத்திருந்த சொல் மசக்கை. குமட்டல், புளிப்பின் மேல் ஆசை, சோம்பல், காரணமற்ற அழுகை, எரிச்சல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கின. சூலுற்றவளின் மனம் நிலைகொள்ளாது என்று ஏற்றுக்கொண்ட வகையில் அது பரிவான சொல். அதே வேளையில், கருவுற்ற காலத்திலேயே தொடங்கிப் பேற்றுக்குப் பின்னும் தொடரக்கூடிய ஆழ்ந்த மனச்சோர்வை 'எல்லாம் மசக்கைதான், போய்விடும்' என்று ஒதுக்கிவிடவும் அதே சொல் உதவியது, இன்றும் உதவுகிறது.

பேற்றுக்குப் பிந்தைய நாட்களின் ஒழுங்கு இன்னும் கடுமையானது. தீட்டுக் காலம் சாதிக்குச் சாதி பதினோரு நாள், பதினாறு நாள், முப்பது நாள், நாற்பது நாள் என மாறுபட்டாலும், வீட்டின் ஒரு மூலையிலோ தனி அறையிலோ தாயும் சேயும் ஒதுக்கி வைக்கப்படுவது பொதுவாக இருந்தது. மருத்துவச்சி வந்து மஞ்சள் தேய்த்துச் சுடுநீர் ஊற்றுவாள். வயிற்றில் துணி இறுக்கிக் கட்டப்படும். சுக்கும் மிளகும் பெருங்காயமும் சேர்ந்த பிரசவ மருந்து உருட்டிக் கொடுக்கப்படும். பூண்டும் கருவாடும் சுறாப் புட்டும் பால் சுரக்கவெனப் பத்தியத்தில் இடம்பெறும். நிலைப்படியில் வேப்பிலை செருகுவதும், தலைமாட்டில் இரும்புத் துண்டு வைப்பதும், குழந்தையின் கையில் வசம்பு கட்டுவதும் காவல்கள். இவை அனைத்துக்கும் மேலாக இருந்த விதி, பச்சை உடம்புக்காரியைத் தனியே விடக்கூடாது என்பது. இரவில் அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போனாலும் பாட்டியோ அத்தையோ விளக்கோடு உடன் போவார்கள். காத்து கருப்பு அண்டிவிடும் என்று காரணம் சொல்லப்பட்டது. காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் நோக்கினால், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்கள் தலைகாட்டும் வாரங்களில் தாய் ஒரு கணமும் கண்காணிப்பின்றி இருந்ததில்லை என்று ஆகிறது.

இதைப் பொற்காலமாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. தீட்டு என்ற கருத்தே பெண்ணைத் தொடத்தகாதவளாக்கியது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க மறுத்த பத்தியம் உடலை வாட்டியது. பிறந்தது பெண்ணாக இருந்தால் அதே வீட்டில் முகங்கள் கோணின. காவல் காத்த கைகளே குத்திக்காட்டவும் செய்தன. இந்த ஏற்பாட்டின் முழு அளவு, தாய் உயிரோடிருந்து, சோற்றுக்குப் பஞ்சமில்லாத வீட்டுப் பெண்களுக்கே கிடைத்தது. நடவுக்கும் அறுப்புக்கும் போன கூலிப் பெண்கள் நாற்பது நாள் படுத்திருக்கவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டுக்கு உரியது என்ற விதி அடுத்தடுத்த பேறுகளுக்குத் தளர்ந்துபோனதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

காவலையும் மீறி மனம் பிறழ்ந்தபோது அதற்கு வழங்கிய பெயர் ஜன்னி. சன்னி என்று நாட்டு வைத்தியம் வகைப்படுத்திய நோய்க்கூட்டத்தில் பிரசவ ஜன்னி தனி இடம் பெற்றது: காய்ச்சல், நடுக்கம், பிதற்றல், உறக்கமின்மை, குழந்தையை அடையாளம் காணாமை ஆகியவை அதன் குறிகள். இன்றைய மருத்துவம் இரண்டாகப் பிரிக்கும் நிலைகள் இங்கே ஒன்றாகக் கிடந்தன. ஒன்று, கருப்பையில் கிருமி தொற்றிக் குருதியில் பரவுவதால் வரும் காய்ச்சலும் அதனோடு வரும் பிதற்றலும்; மற்றொன்று, காய்ச்சலே இல்லாமல் பேற்றுக்குப் பின் ஓரிரு வாரங்களுக்குள் திடீரென வெடிக்கும் தீவிர மனநோய், அதாவது ஆயிரம் பேறுகளில் ஒன்று அல்லது இரண்டில் காணப்படும் பிரசவகால மனப்பிறழ்வு. இவ்விரண்டையும் பிரித்தறியாமை நாட்டு வைத்தியத்தின் அறியாமை மட்டும் அன்று. தொற்று எங்கும் மலிந்திருந்த காலத்தில் ஐரோப்பிய மருத்துவர்களுக்கும் இந்தப் பிரிவு எளிதாக இருக்கவில்லை. 1930-களின் நடுவில் சல்பா மருந்துகள் வந்து பிரசவக் காய்ச்சலின் சாவுகளைக் குறைத்த பிறகே, காய்ச்சலின் நிழலில் மறைந்திருந்த மனநோய் தனியே கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. தமிழ்ப் பேச்சில் மட்டும் ஜன்னி என்ற சொல் இரண்டையும் சுமந்துகொண்டே நெடுங்காலம் இருந்தது.

ஜன்னி மருந்துக்கு அடங்காதபோது அது பேயாகக் கொள்ளப்பட்டது. திருவேற்காட்டுக் கருமாரியம்மனும், வேப்பிலைச் சேலை வேண்டுதலுக்குப் பெயர்பெற்ற பெரியபாளையத்துப் பவானியம்மனும் இவ்வட்டாரத்தின் பெரும் புகலிடங்கள். மருத்துவமனைக்கு முன்பும் பின்பும், சில வேளைகளில் அதற்குப் பதிலாகவும், குடும்பங்கள் அங்கே சென்றன. நோயைப் பெண்ணின் குற்றமாக்காமல் வெளியிலிருந்து வந்த ஒன்றின் மேல் சுமத்தியது பேய் என்ற விளக்கத்தின் ஒரே நன்மை. அந்த நன்மைக்கு ஈடாக அடியும் பட்டினியும் அவள் உடம்பில் விழுந்த நிகழ்வுகள் குறைவல்ல.

தமிழகத்தின் பழைய சாலையோரங்களில் இரு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளின் ஆவி, வழிப்போக்கர் தம் தலைச்சுமையை அக்கல்லின் மேல் இறக்கி இளைப்பாறும்போது ஆறுதல் அடையும் என்பது நம்பிக்கை. பேற்றில் இறந்தவளுக்குக் கல் நட்ட சமூகம், பெற்றபின் புத்தி பேதலித்து உயிரோடிருந்தவளுக்கு எந்த அடையாளத்தையும் விட்டுவைக்கவில்லை. அவளைப் பற்றிய பதிவு கிடைக்குமானால் அது பிறந்த ஊரில் அன்று, கீழ்ப்பாக்கத்தில்தான் கிடைக்கும்.

சென்னையின் மனநோயர் காப்பகம் 1794-இல் கம்பெனியின் அறுவை மருத்துவரான வாலண்டைன் கனோலியால் புரசைவாக்கத்தில் தொடங்கப்பட்டு, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. பூவிருந்தவல்லியிலிருந்து சென்னைக்கு வரும் நெடுஞ்சாலை கீழ்ப்பாக்கத்தை ஒட்டியே செல்வதால், மேற்குப் புறநகர் மக்களுக்கு இது தொலைவான இடம் அன்று. தொலைவாக்கியது சட்டம். 1858-ஆம் ஆண்டின் பித்தர் காப்பகச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 1912-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒருவரைக் காப்பகத்தில் சேர்ப்பதை மருத்துவரின் முடிவாக அன்றி நீதிபதியின் ஆணையாக வைத்தன. எனவே தெருவில் அலைந்தவர்களும், பிறரைத் தாக்கியவர்களும், குடும்பத்தால் அடக்க முடியாதவர்களுமே பெரும்பாலும் அங்கே வந்து சேர்ந்தனர். காலனியக் காப்பகங்களில் ஆண்களைவிடப் பெண்கள் எப்போதும் குறைவாகவே இருந்தனர். சுவரைப் பார்த்தபடி குழந்தைக்குப் பால் கொடுக்க மறுத்துக் கிடந்த பெண்ணுக்காக எந்தக் குடும்பமும் நீதிபதியிடம் மனுப் போடவில்லை. 1922-இல் காப்பகம் என்ற பெயர் அரசு மனநல மருத்துவமனை என்று மாறியது. ஆனால் 'கீழ்ப்பாக்கம்' என்பது தமிழில் வசைச்சொல்லாகவே நிலைத்தது. மணமான பெண் ஒருமுறை அங்கே போய்வந்தாள் என்ற செய்தி அவளுடைய இல்வாழ்க்கையையும் தங்கைகளின் திருமணத்தையும் சேர்த்துக் குலைக்கக்கூடியது என்பதால், நோயைவிட மருத்துவமனைக்கே குடும்பங்கள் அதிகம் அஞ்சின. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் எம். சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த காலத்தில் புறநோயாளர் சிகிச்சை வலுப்பெற்றது. காலையில் வந்து மருந்து வாங்கி மாலையில் வீடு திரும்பலாம் என்ற நிலை, கைக்குழந்தைக்காரிக்குக் கீழ்ப்பாக்கத்தின் கதவை முதன்முறையாக உண்மையில் திறந்தது எனலாம்.

சட்டத்தைப் பற்றிய இன்னொரு செய்தியும் இங்கே குறிக்கத்தக்கது. பாரிசில் லூயி விக்டர் மார்சே, கருவுற்றோர், பிள்ளை பெற்றோர், பாலூட்டுவோர் ஆகியோரின் மனநோய்களைப் பற்றிய முதல் முழுநூலை வெளியிட்டதும் 1858-இல்தான். மருத்துவத்தில் பிறந்த இந்த அறிவு இங்கிலாந்தில் மெல்லச் சட்டத்துக்குள் புகுந்தது: பேற்றின் விளைவிலிருந்து முழுமையாக மீளாத தாயின் மனச்சமநிலை குலைந்திருந்த நிலையில் அவள் தன் சேயின் உயிரைப் போக்கியிருந்தால் அதைக் கொலையாகக் கொள்ளாமல் குறைந்த குற்றமாகக் கொள்ளும் சட்டம் 1922-இல் இயற்றப்பட்டது, 1938-இல் அந்தச் சலுகை குழந்தைக்கு ஓராண்டு நிறையும் வரை நீட்டப்பட்டது. அதே ஆட்சியாளர்கள் 1860-இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில் இத்தகைய தனிப்பிரிவு இல்லை. சித்தசுவாதீனமின்மை பற்றிய 84-ஆம் பிரிவின் பொதுவான, கடினமான வரையறைக்குள்தான் தாயும் தன்னைப் பொருத்திக் காட்ட வேண்டியிருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத் தொகுப்பிலும் அந்த நிலை மாறவில்லை.

மனநோயின் பாதை கீழ்ப்பாக்கத்துக்குப் போனது என்றால், பேற்றின் பாதை எழும்பூருக்குப் போனது. 1844-இல் தொடங்கிய அரசு மகப்பேறு மருத்துவமனை 1882 முதல் எழும்பூரில் இயங்கியது. பயிற்சி பெற்ற செவிலித் தாதியர் அங்கிருந்து உருவாகிச் சிற்றூர்களுக்குப் பரவினர். இரண்டு மருத்துவமனைகளும் சில கிலோமீட்டர் இடைவெளியில் நூறாண்டுக்கு மேல் இயங்கியும், பெற்றவளின் மனம் அவ்விரண்டுக்கும் நடுவில் யாருடைய பொறுப்பிலும் இல்லாத ஒன்றாக இருந்தது. இந்தப் பிளவு பூவிருந்தவல்லிக்கும் வந்து சேர்ந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு விடுதலைக்கு முன் இந்தியாவின் சில இடங்களில் நிறுவப்பட்ட முன்மாதிரி நலவாழ்வு அலகுகளில் பூவிருந்தவல்லியும் ஒன்று. வங்கத்துச் சிங்கூர், தில்லிக்கருகே நஜஃப்கட் ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்படும் ஊரக நலவாழ்வுப் பயிற்சிக் களமாக அது வளர்ந்தது. இந்தியாவிலேயே முதலாவதான சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-இல் நிறைவேறியபோது தாய் சேய் நலத்துக்கென்று அதில் தனிப்பகுதி வைக்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று சூலுற்ற பெண்களைப் பதிவு செய்தல், சிறுநீரில் புரதம் பார்த்தல், எடை பார்த்தல், மருத்துவச்சிகளுக்குக் கை கழுவக் கற்பித்தல் என்ற பணிமுறை இத்தகைய களங்களில்தான் உருப்பெற்றது. போர் (Bhore) என்பவர் தலைமையில் அமைந்த நலவாழ்வு ஆய்வுக் குழு 1946-இல் அளித்த அறிக்கை, ஆண்டுக்கு ஏறத்தாழ 2,00,000 இந்தியப் பெண்கள் சூலாலும் பேற்றாலும் இறப்பதாக மதிப்பிட்டது. அத்தனை சாவுகள் கண்முன் நிற்கும்போது பதிவேட்டில் மனத்துக்கென்று ஒரு கட்டம் வரையாமல் விட்டவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. சாவுகள் குறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அந்தக் கட்டத்தை வரையாமலே இருந்ததைத்தான் குறைகூற வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் ஆவடி படைத்தளமானது. ஆவடி என்ற பெயரையே ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துகளாக விரித்துக் காட்டும் கதை இன்றும் உலவுகிறது. ஊரின் பெயர் படைத்தளத்துக்கு முந்தியது என்பதால் அதை நம்ப வேண்டியதில்லை. 1955 ஜனவரியில் சமதர்ம பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தைக் காங்கிரசு மாநாடு நிறைவேற்றியதும் இவ்வூரில்தான். தொடர்ந்து வந்த பத்தாண்டுகளில் இப்பகுதி உருத்தெரியாமல் மாறியது. படைவீரர்களின் சீருடை தைக்கும் தொழிற்சாலையும், 1965-இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டியை வெளிக்கொணர்ந்த கனரக வாகனத் தொழிற்சாலையும் ஆவடியில் எழுந்தன. அம்பத்தூரில் மிதிவண்டி, டயர்த் தொழிற்சாலைகளை அடுத்து 1964-இல் தொழிற்பேட்டை அமைந்தது. பாடியில் வாகன மின்கருவித் தொழில் வேரூன்றியது. இந்த மாற்றத்தை உற்பத்தி, வேலைவாய்ப்பு, தொழிற்சங்கம் ஆகியவற்றின் வரலாறாக எழுதியவர்கள் உண்டு. அது பேற்றின் வரலாற்றிலும் ஒரு முறிவு. திருநெல்வேலியிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும், மலையாள, தெலுங்கு நிலங்களிலிருந்தும், வடநாட்டிலிருந்தும் குவார்ட்டர்சுகளில் குடியேறிய குடும்பங்களுக்குத் தாய்வீடு கட்டை வண்டித் தொலைவில் இல்லை, இரயில் தொலைவில் இருந்தது. தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போன பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பி வரும்போது, கணவன் ஷிப்டுக்குப் போய்விட, மூடிய கதவுக்குள் கைக்குழந்தையோடு பகல் முழுதும் தனித்திருந்தாள். பச்சை உடம்புக்காரியைத் தனியே விடாதே என்ற விதியை எவரும் வேண்டுமென்று மீறவில்லை. உடன் இருக்க ஆளில்லாமற் போயிற்று.

அடுத்த முறிவு பெண்களே தொழிலாளர் ஆனபோது வந்தது. அம்பத்தூரின் ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள் தையல் எந்திரங்களின் முன்னால் பெண்களை அமர்த்தின. 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம் பன்னிரண்டு வாரச் சம்பள விடுப்பை வகுத்து, பேற்றுக்குப் பின் ஆறு வாரம் எந்த முதலாளியும் அப்பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்று தடுத்தது. இதே பயன் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தின் வழியும் கிடைத்தது. 2017-இல் முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பு 26 வாரமாக உயர்ந்து, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமாயிற்று. சட்டப்படி, பேற்றுக்கு முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும்; ஒப்பந்தக்காரர் வழி வந்து பெயர் மாறி மாறிப் பதிவாகும் பெண்ணுக்கு அந்தச் சான்றே கிடைப்பதில்லை. வேலைக்குத் திரும்ப வேண்டியவள் குழந்தையை ஊரில் தாயிடம் விட்டுவிட்டு வருவது இன்று இப்பகுதியில் வழக்கமாகிவிட்ட ஏற்பாடு. முன்பு மகள் தாய்வீட்டில் இருந்தாள். இப்போது மகளின் குழந்தை மட்டும் அங்கே இருக்கிறது. பால் கட்டிய மார்போடு எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் மனநிலையைச் சொல்ல மசக்கை, ஜன்னி போன்ற பழைய சொற்கள் எவையும் உதவா.

பேறு நிகழும் இடமும் இதற்கிடையே வீட்டிலிருந்து முற்றாக வெளியேறிவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களில் நடந்தன, 44.9 விழுக்காடு அறுவைப் பேறுகள். உயிர் காத்த இந்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. எனினும் பிரசவ அறையின் கதவு, உடன் வந்த பெண்களை வெளியே நிறுத்திவிட்டே மூடியது. 2004-இல் தமிழ்நாடு அரசு, அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளில் தாய்க்கு வேண்டிய பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்ற பிரசவத் துணைத் திட்டத்தைக் கொணர்ந்தது. பழைய காவலின் மிகச் சிறந்த கூற்றை மூடநம்பிக்கை நீக்கி மீட்டெடுத்த முயற்சி அது. முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கும் மகப்பேறு நிதியுதவியும், அங்கன்வாடிகளில் நடத்தப்படும் சமுதாய வளைகாப்பும் அரசின் பிற முயற்சிகள். வளைகாப்பை அரசே நடத்துவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றினாலும், தாய்வீடற்ற பெண்ணுக்கு அது வேடிக்கை அன்று.

பெற்றவளின் மனம் எண்ணிக்கைக்கு உட்பட்டது இருபத்தோராம் நூற்றாண்டில்தான். பூவிருந்தவல்லி வழியே மேற்கே செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் வரும் வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, சிற்றூர்த் தாய்மாரிடையே பேற்றுக்குப் பின் புதிதாகத் தோன்றும் மனச்சோர்வு 11 விழுக்காடு என்றும், முன்பே இருந்ததையும் சேர்த்தால் அது 19.8 விழுக்காடு என்றும் காட்டியது. மனச்சோர்வு என்று இங்கே குறிப்பது, பேற்றின் மூன்றாம் நாளை ஒட்டிப் பல தாய்மாருக்கு வந்து இரண்டு வாரத்துக்குள் தானே மறையும் அழுகையையும் கலக்கத்தையும் அன்று. வாரக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் பசியையும் குழந்தையின் மேலான ஈடுபாட்டையும் கெடுக்கும் நோயை. குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறத்தல், கருவுற்ற காலத்து இடர்கள், கைவேலைக்கு உதவி இன்மை ஆகியவற்றோடு, மாமியாரோடு மட்டுமன்றிப் பெற்றோரோடும் உள்ள உறவின் கசப்பை அந்த ஆய்வு காரணங்களாகக் கண்டது. தாய்வீடே மருந்து என்று நம்புவோர் இக்கடைசிக் காரணத்தைக் கவனிக்க வேண்டும். எடின்பரோவில் 1987-இல் உருவாக்கப்பட்டு உலகெங்கும் வழங்கும் பத்து வினாக்கள் கொண்ட அளவுகோலின் தமிழ் வடிவமும் வேலூர் மருத்துவர்களால் 2005-இல் சரிபார்த்து வெளியிடப்பட்டது. அளவுகோலைவிடக் கடினமானது மொழி. மனச்சோர்வு என்ற சொல் நூலில் உள்ளது. தாய்மார் வாயில் இருப்பவை 'மனசு சரியில்ல', 'உடம்பு முடியல', 'தலை கனக்குது', 'நெஞ்சு படபடன்னு அடிக்குது' என்பவை. சத்து மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படும் இத்தொடர்களில் எத்தனை மனத்தைப் பற்றியவை என்பதைக் கேட்பவர் காதுதான் தீர்மானிக்கிறது.

மேற்குப் புறநகரின் விளிம்பில் மனநலத்துக்கென்று இரண்டு பெயர்பெற்ற நிறுவனங்கள் அமைந்தன. சாரதா மேனன் 1984-இல் மனச்சிதைவு நோயாளருக்காகத் தொடங்கிய ஸ்கார்ஃப் அண்ணா நகர் மேற்கு விரிவிலும், வீடற்று அலையும் மனநோயுற்ற பெண்களுக்காக 1993-இல் தோன்றிய பேனியன் முகப்பேரிலும் இயங்குகின்றன. இவை மகப்பேற்று மனநலத்துக்காக எழுந்தவை அல்ல. ஆனால் நோயுற்ற பெண்ணைக் குடும்பம் கைவிட்டால் அவள் எங்கே போய் நிற்பாள் என்ற கேள்வியைச் சென்னைக்கு உணர்த்தியவை. பிறழ்வுற்ற தாயைச் சேயோடு சேர்த்தே அனுமதித்து மருத்துவம் செய்யும் தனிப்பிரிவு இந்தியாவில் முதன்முதலாக 2009-இல் பெங்களூருத் தேசிய மனநல நிறுவனத்தில் ஏற்பட்டது. இங்கிலாந்தில் அத்தகைய ஏற்பாடு 1948-இலேயே தொடங்கியிருந்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை இயல்பாகப் பிரிக்கக் கூடாது என்று விதித்தது. கீழ்ப்பாக்கத்துக்கும் எழும்பூருக்கும் இடையில் நூறாண்டு நீடித்த பிளவைச் சட்டத்தின் ஒரு வரி முதன்முறையாகத் தொட்ட இடம் இது.

இவ்வரலாற்றில் மூன்று கணக்குகள் ஏறத்தாழ ஒரே நாளில் வந்து முடிவதைக் காணலாம். பழைய வழக்கில் தீட்டின் நெடிய எல்லை நாற்பது நாள். அதன்பின் விளக்கோடு உடன் வரும் பாட்டி வரமாட்டாள். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் பேற்றுக்குப் பின் வேலை வாங்குவதைத் தடுத்தது ஆறு வாரத்துக்கு, அதாவது 42 நாளுக்கு. உலக சுகாதார நிறுவனம் தாய்மரணம் என்று எண்ணுவது பேறு முடிந்த 42 நாளுக்குள் நிகழும் மரணத்தை; அந்த எல்லைக்குள் நிகழும் தற்கொலையை நேரடித் தாய்மரணமாகக் கொள்ள வேண்டும் என்று 2012-இல் அது வழிகாட்டியது, ஆனால் ஐம்பதாம் நாளில் உயிரை மாய்த்துக்கொள்ளும் தாய் அந்த முதன்மைக் கணக்கில் வரமாட்டாள். சடங்கும் சட்டமும் புள்ளிவிவரமும் ஒருவரையொருவர் கலக்காமலே தேர்ந்துகொண்ட இந்த எல்லை கருப்பை சுருங்கும் காலத்துக்கு உரியது. மனச்சோர்வு அந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் அது தொடங்கலாம், ஓராண்டுக்கு மேலும் நீடிக்கலாம்.

ஓராண்டு என்ற அளவு தமிழ்நாட்டில் இன்று ஒரே ஓர் இடத்தில் நடைமுறையாகியிருக்கிறது: மாநில அரசுப் பணியில் உள்ள மணமான பெண்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேற்று விடுப்பு 12 மாதம். அம்பத்தூர் ஆடைத் தொழிற்சாலையில் நிரந்தரமாக வேலை செய்யும் பெண்ணுக்கு அது 26 வாரம்; அதே வரிசையில் பக்கத்து எந்திரத்தில் ஒப்பந்தத்தில் தைக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் ஏதுமில்லை. இந்த மூவருக்கும் பொதுவாக இருப்பது 2022 அக்டோபரில் தொடங்கிய தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண். அதில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். பச்சை உடம்புக்காரி இருக்கும் வீட்டில், அவளுக்காக வேறொருவரும் பேசலாம்.